சில நாள் திறக்கும், சில நாள் திறக்காது: கணினி மென்பொருளின் பழுதைத் தேடும் முறை

ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை நடத்தும் ஆச்சி ஒருவர் போன சித்திரையில் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பில் போடும் மென்பொருள் சில நாள் காலையில் திறக்கிறது, சில நாள் திறப்பதில்லை. திரையில் உள்ள அதன் படத்தை இரண்டு முறை தட்டினால் ஒரு சின்ன வட்டம் கொஞ்ச நேரம் சுழல்கிறது. பிறகு அதுவும் நின்றுவிடுகிறது. பிழைச் செய்தி எதுவும் வருவதில்லை. கணினியை மறுபடி தொடக்கிப் பார்த்தால் சில நேரம் திறக்கும், சில நேரம் அப்போதும் திறக்காது.

எனக்கு முன்பே இரண்டு பேர் வந்து பார்த்திருந்தார்கள். இருவருமே மென்பொருளை நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவிக் கொடுத்தார்கள். இரண்டு முறையும் அவர்கள் கண்ணெதிரே அது நன்றாகத் திறந்தது. அவர்கள் போன மூன்றாம் நாளே பழைய தொல்லை திரும்பி வந்தது.

"அது நாள் பார்த்துத்தான் திறக்கிறது, தம்பி" என்றார் ஆச்சி. சலித்துப்போய்ச் சொன்ன வார்த்தை. ஆனால் இப்படிப்பட்ட பழுதைப் பற்றி அதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது என்று எனக்குத் தோன்றியது. நாளுக்கு நாள் ஏதோ ஒன்று மாறுகிறது. அது என்ன என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. கணினி பற்றி அதிகம் தெரியாதவர்களும் இந்த வேலையைச் செய்யலாம். அதற்கு முதலில் ஒரு மென்பொருள் 'திறப்பது' என்றால் என்ன என்று தெரிய வேண்டும்.

தட்டுவதற்கும் திறப்பதற்கும் நடுவில்

திரையில் நாம் தட்டும் படம் மென்பொருள் ஆகாது. அது வெறும் முகவரிச் சீட்டு. மென்பொருள் கோப்புகளாக ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கிறது. நாம் தட்டியதும் விண்டோஸ் அந்தச் சீட்டில் உள்ள இடத்துக்குப் போய், கோப்பை எடுத்து, நினைவகத்தில் ஏற்றி ஓட விடுகிறது. அப்படி ஓடிக்கொண்டிருக்கும் நிலைக்கு ப்ராசஸ் என்று பெயர். இந்தச் சொல்லை மறந்துவிடாதீர்கள், திரும்பத் திரும்ப வரும்.

ப்ராசஸ் பிறந்த உடனே ஜன்னல் தெரிந்துவிடாது. அது முதலில் தனக்கு வேண்டிய துணைக் கோப்புகளை அழைக்கும். போன முறை நாம் செய்துவைத்த அமைப்புகளைப் படிக்கும். தன்னுடைய இன்னொரு பிரதி ஏற்கெனவே ஓடுகிறதா என்று பார்க்கும். கணக்கு மென்பொருள் என்றால், கணக்கு விவரங்களைச் சேர்த்துவைத்திருக்கும் தரவுத்தளத்தோடு பேசும். உரிமம் செல்லுமா என்று சரிபார்க்கும். இத்தனையும் முடிந்த பிறகுதான் ஜன்னல் வரையப்படுகிறது.

நம் செட்டிநாட்டு வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த பகுதிகளைக் கட்டு என்போம். முகப்பில் நின்று கதவைத் தட்டுகிறோம். வீட்டுக்காரர் பின்னால் மூன்றாம் கட்டில் இருக்கிறார். அவர் இரண்டாம் கட்டைத் தாண்டி, வளவு எனும் முற்றப் பகுதியைத் தாண்டி, ஒவ்வொரு நிலைக்கதவாகக் கடந்து முகப்புக்கு வர வேண்டும். நடுவில் ஒரு கதவு தாழிட்டிருந்தால் அவர் அங்கேயே நின்றுவிடுவார். தெருவில் நிற்கும் நமக்குத் தெரிவதெல்லாம் ஒன்றுதான்: யாரும் வரவில்லை. ஆள் வீட்டிலேயே இல்லையா, கிளம்பியவர் விழுந்துவிட்டாரா, எந்தக் கட்டில் நிற்கிறார் என்பது வெளியிலிருந்து தெரியாது.

'திறக்கவில்லை' என்ற ஒரே சொல்லுக்குள் இப்படிப் பத்து வகைப் பழுதுகள் ஒளிந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் 'நீக்கிவிட்டு மறுபடி நிறுவு' என்ற ஒரே மருந்தைக் கொடுப்பதுதான் எனக்கு வருத்தம் தரும் பழக்கம்.

எப்போதும் திறக்காததும் சில நேரம் திறக்காததும்

ஒரு மென்பொருள் எப்போதுமே திறக்காவிட்டால் அதில் ஏதோ ஒன்று குறைகிறது என்று பொருள். துணைக் கோப்பு இல்லை, விண்டோஸ் பதிப்போடு ஒத்துப்போகவில்லை, உரிமம் முடிந்துவிட்டது என்று காரணம் நிலையானதாக இருக்கும். பெரும்பாலும் பிழைச் செய்தியே அதைச் சொல்லிவிடும்.

சில நேரம் திறந்து சில நேரம் திறக்காவிட்டால் கதை வேறு. நேற்றுத் திறந்திருக்கிறது என்பதே பெரிய தகவல். அதற்கு வேண்டிய கோப்புகள் எல்லாம் ஏறத்தாழ முழுமையாக இருக்கின்றன என்று அதிலிருந்து தெரிகிறது. அதனால்தான் மறுபடி நிறுவுவது இந்த வகைப் பழுதுக்குப் பெரும்பாலும் பயன்படுவதில்லை. கோப்புகளைத் தேடுவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு முறையும் மாறக்கூடியவற்றைத் தேட வேண்டும். கணினி உயிர்பெற்று எவ்வளவு நேரம் ஆனது, இதற்கு முன் ஓடியது சரியாக மூடியதா, நெட்வொர்க் இருந்ததா, யார் பெயரில் உள்ளே நுழைந்தார்கள், பின்னணியில் வேறு என்ன ஓடிக்கொண்டிருந்தது?

இந்தப் பட்டியலில் 'யார் பெயரில்' என்பதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். காரைக்குடியில் ஒரு கடையில் 'சில நாள் திறப்பதில்லை' என்றார்கள். விசாரித்துப் பார்த்தால் அது சில நாள் இல்லை, சில ஆள். ஒரே கணினியில் இரண்டு பயனர் கணக்குகள் இருந்தன. ஒன்று தமிழ் எழுத்தில் பெயர் கொடுத்து உருவாக்கியது. விண்டோஸ் அந்தப் பெயரிலேயே தமிழில் ஒரு கோப்புறையை அமைத்துவிடுகிறது. எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடை அறியாத பழைய மென்பொருள் தன் அமைப்புகளைத் தேடி அந்தக் கோப்புறைக்குப் போகும்போது தமிழ் எழுத்துகள் அதற்கு வெறும் கேள்விக்குறிகளாகத் தெரிகின்றன. ஐரோப்பிய மொழிகளுக்கும் ஜப்பான், சீன மொழிகளுக்கும் விண்டோஸில் பழைய முறைக் குறியீட்டுப் பக்கங்கள் உண்டு. தமிழுக்கு அப்படி ஒன்று இல்லவே இல்லை. விண்டோஸில் தமிழ் யூனிகோட் வழியாக மட்டுமே வாழ்கிறது. ஆகவே தமிழ்க் கணக்கில் நுழைந்தவர் தட்டினால் திறக்காது, மற்றவர் தட்டினால் திறக்கும். கணக்கின் பெயரைப் பிறகு மாற்றினாலும் கோப்புறையின் பெயர் மாறாது. ஆங்கில எழுத்தில் புதிதாக ஒரு கணக்கை உருவாக்குவதுதான் வழி. நம் மொழியில் பெயர் வைத்ததற்காக ஒருவர் இப்படி அலைய வேண்டியிருப்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனாலும் பழைய மென்பொருளை நம்பிப் பிழைக்கும் கடையில் இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் பார்க்க வேண்டிய இடம்

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். கணினியில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ்கள் எல்லாம் அதில் பட்டியலாக இருக்கும். விவரம் சுருக்கமாக இருந்தால் 'மோர் டீட்டெய்ல்ஸ்' என்பதைத் தட்டுங்கள். அதை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, அடம்பிடிக்கும் மென்பொருளின் படத்தைத் தட்டிவிட்டுக் கவனியுங்கள். மூன்றில் ஒன்று நடக்கும்.

பெயர் பட்டியலில் வரவே இல்லை, அல்லது வந்த வேகத்தில் மறைந்துவிட்டது என்பது முதல் வகை. ஆள் கிளம்பியதும் விழுந்துவிட்டார். பெயர் பட்டியலில் நிற்கிறது, ஆனால் ஜன்னலைக் காணோம் என்பது இரண்டாம் வகை. ஆள் ஏதோ ஒரு கட்டில் நிற்கிறார். ஜன்னல் வந்து வெள்ளையாக உறைந்து, 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று காட்டுவது மூன்றாம் வகை. முகப்பு வரை வந்துவிட்டார், பேச்சு மட்டும் எழவில்லை.

இந்த ஒரு நிமிடப் பார்வையே தேட வேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும். இரண்டாம் வகைதான் 'சில நேரம்' பழுதுகளில் நான் மிக அதிகமாகக் காண்பது. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பல மென்பொருள்கள் ஒரு நேரத்தில் ஒரு பிரதிதான் ஓட வேண்டும் என்று விதி வைத்திருக்கின்றன. ஒரே கணக்குப் பேரேட்டில் இரண்டு பேர் ஒரே வரியில் எழுதினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும், அதற்கான காவல்தான் இந்த விதி. மென்பொருள் ஓடத் தொடங்கியதும் 'நான் இருக்கிறேன்' என்று ஓர் அடையாளம் வைக்கும். அடுத்து வருகிற பிரதி அதைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் விலகிக்கொள்ளும். எல்லாம் ஒழுங்காக நடக்கும்வரை இது நல்ல ஏற்பாடு.

நேற்று மாலை நீங்கள் ஜன்னலை மூடினீர்கள், கணினியை அணைக்கவில்லை. ஜன்னல் மறைந்தது, ஆனால் ப்ராசஸ் முழுவதும் முடியாமல் எங்கோ சிக்கிக்கொண்டது என்று வையுங்கள். அச்சுப் பொறியின் பதிலுக்கோ நெட்வொர்க்குக்கோ காத்துக்கொண்டிருக்கலாம். அதன் அடையாளம் அப்படியே இருக்கிறது. இப்போது நீங்கள் எத்தனை முறை தட்டினாலும் புதிய பிரதி வந்து, அடையாளத்தைப் பார்த்து, திரும்பிப் போய்விடும். உங்களுக்குத் தெரிவது வட்டம் சுழன்று நிற்பது மட்டுமே. டாஸ்க் மேனேஜரில் அந்தப் பழைய ப்ராசஸைத் தேர்ந்தெடுத்து 'எண்ட் டாஸ்க்' கொடுத்துவிட்டு மறுபடி தட்டினால் திறந்துவிடும். ஆனால் முன்பு சேமிக்காமல் விட்ட வேலை ஏதாவது இருந்தால் அது போய்விடும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். இப்படித் திறந்தால் உடனடித் தேவை முடிந்தது, காரணம் இன்னும் அகப்படவில்லை. ஏன் அது சிக்குகிறது என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

அடையாளம் சில மென்பொருள்களில் கோப்பாகவே வைக்கப்படும். லிப்ரே ஆஃபீஸில் ஓர் ஆவணத்தைத் திறந்தால் அதே கோப்புறையில் 'லாக்' என்ற பெயருடன் ஒரு மறைகோப்பு உருவாகும், மூடினால் அழிந்துவிடும். நடுவில் மின்சாரம் போனால் அழிக்க ஆள் இல்லாமல் அது தங்கிவிடும். கோடை மழையும் இடியும் சேர்ந்து வரும் மாலைகளில் நம் பக்கம் மின்சாரம் எத்தனை முறை போய்வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. வேறு யாரும் அந்த ஆவணத்தைத் திறந்து வைக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு அந்த மறைகோப்பை அகற்றலாம்.

இதே இரண்டாம் வகையில் யாரும் எதிர்பார்க்காத ஒன்றும் உண்டு. கானாடுகாத்தானில் பழைய வீட்டை விடுதியாக நடத்தும் ஒருவர், விருந்தினருக்குப் படம் காட்ட மடிக்கணினியை அடிக்கடி டிவியோடு இணைப்பார். மறுநாள் முன்பதிவு மென்பொருள் திறக்கவில்லை என்பார். உண்மையில் அது திறந்துதான் இருந்தது. கடைசியாக டிவித் திரையில் இருந்த இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு, இப்போது இல்லாத அந்தத் திரையில் போய்த் திறந்திருந்தது! கீழ்ப்பட்டையில் அதன் படத்துக்குக் கீழே கோடு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அதை ஒருமுறை தட்டி, ஆல்ட் விசையோடு ஸ்பேஸ் அழுத்தி, பிறகு எம் அழுத்தி, ஏதாவது ஓர் அம்பு விசையைத் தட்டிவிட்டுச் சுட்டியை நகர்த்துங்கள். ஜன்னல் சுட்டியோடு ஒட்டிக்கொண்டு வரும். பெரிதாக்கிய நிலையில் மாட்டியிருந்தால் விண்டோஸ் விசையையும் ஷிஃப்ட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இடது அம்பை அழுத்திப் பாருங்கள்.

முதல் வகைக்கு, அதாவது கிளம்பியதும் விழுவதற்கு, விண்டோஸே ஒரு நாட்குறிப்பு எழுதிவைக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் 'ரிலையபிலிட்டி' என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால் 'வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' வரும். விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து இருக்கும் வசதி இது, ஆனாலும் பலர் திறந்தே பார்த்ததில்லை. நாள் வாரியாகக் கட்டங்கள் இருக்கும். எந்த நாளில் எந்த மென்பொருள் விழுந்தது என்று சிவப்புப் பெருக்கல் குறி காட்டும். அதே வரிசையில் எந்த நாளில் எந்தப் புதுப்பிப்பு நிறுவப்பட்டது என்பதும் இருக்கும். பழுது தொடங்கிய நாளுக்கு முதல் நாள் ஏதாவது மாறியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு இதைவிட எளிய இடம் இல்லை. இன்னும் ஆழமாகப் பார்க்க விரும்புகிறவர்கள் விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 'அப்ளிகேஷன்' பதிவைத் திறக்கலாம். அங்கே 1000 என்ற எண் இருந்தால் மென்பொருள் விழுந்தது, 1002 என்றால் உறைந்தது. 1000 எண் பதிவில் எந்தத் துணைக் கோப்பு ஓடும்போது விழுந்தது என்ற பெயரும் இருக்கும். ஒவ்வொரு முறையும் அதே பெயர் வந்தால், பழுது கையில் அகப்பட்டது போலத்தான்.

ஆச்சியின் நோட்டு

ஆத்தங்குடிக்கு வருவோம். நான் போன நாளில் மென்பொருள் ஒழுங்காகத் திறந்தது. நிபுணர் வந்து நிற்கும்போது ஒளிந்துகொள்வது இந்த வகைப் பழுதின் இயல்பு. நான் எதையும் தொடவில்லை. ஒரு நோட்டில் தினமும் ஐந்து விவரங்களை எழுதிவைக்கும்படி ஆச்சியிடம் கேட்டுக்கொண்டேன்: கணினியைப் போட்ட நேரம், படத்தைத் தட்டிய நேரம், தட்டியது யார், திறந்ததா, டாஸ்க் மேனேஜரில் பெயர் தெரிந்ததா.

வேறு யாராக இருந்தாலும் இரண்டு நாளில் விட்டிருப்பார்கள். அவர் பேரேடும் ஐந்தொகையும் பார்த்து வளர்ந்தவர். ஒரு நாள்கூட விடவில்லை. பதினோரு நாள் கழித்து நோட்டைக் கொடுத்தார். நான்கு நாள் திறக்கவில்லை. அந்த நான்கில் மூன்று நாட்கள், கணினி உயிர்பெற்று இரண்டு நிமிடத்துக்குள் தட்டிய நாட்கள். திறந்த ஏழு நாட்களிலும் கணினியைப் போட்டுவிட்டு, சாமிக்கு விளக்கேற்றி, காப்பி குடித்துவிட்டு வந்து தட்டியிருக்கிறார்.

விண்டோஸில் பின்னணிச் சேவைகள் என்று சில உண்டு. ஜன்னல் இல்லாமல் உள்ளே வேலை செய்பவை. இந்த மென்பொருளின் தரவுத்தளமும் அப்படி ஒரு சேவைதான். சேவைகளில் சிலவற்றை 'ஆட்டோமேட்டிக் டிலேய்டு ஸ்டார்ட்' என்று குறித்து வைப்பார்கள். கணினி தொடங்கும்போது நெரிசல் வேண்டாம் என்று, மற்றச் சேவைகள் கிளம்பி ஏறத்தாழ 2 நிமிடம் கழித்தே அவை கிளம்பும். தரவுத்தளம் கிளம்புவதற்கு முன் பில் மென்பொருளைத் தட்டினால், அது தரவுத்தளத்தைத் தேடி, கிடைக்காமல், என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுவிடுகிறது. ஒழுங்காக எழுதிய மென்பொருளாக இருந்தால் 'தரவுத்தளம் இன்னும் தயாராகவில்லை' என்று ஒரு வரியாவது காட்டியிருக்கும். அந்த ஒரு வரி இல்லாததால் இரண்டு பேருக்குக் கூலியும் பல நாள் காலை வியாபாரமும் போயின.

நான்காவது நாள்தான் என்னை யோசிக்க வைத்தது. அன்று ஆச்சி தட்டியது கணினி போட்டு இருபது நிமிடம் கழித்து. அப்போதும் திறக்கவில்லை, டாஸ்க் மேனேஜரில் பெயர் மட்டும் இருந்தது. 'தட்டியது யார்' என்ற பகுதியைப் பார்த்தபோது விடை கிடைத்தது. முதலில் பட்டறைப் பையன் வந்து, கணினி போட்ட உடனே தட்டிப் பார்த்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறான். அவன் தட்டியது நடுவில் சிக்கி நின்றது. அதன் அடையாளம் ஆச்சி தட்டியதைத் தடுத்தது. ஒரு பழுது இன்னொன்றை ஈன்றிருக்கிறது. மறுபடி தொடக்கினாலும் சில நேரம் திறக்காததற்குக் காரணமும் இதே நோட்டில் இருந்தது: மறுபடி தொடக்கிய அவசரத்தில் இரண்டு நிமிடத்துக்குள் தட்டியிருக்கிறார்கள்.

ஒருமுறை திறந்தால் சரியாகிவிட்டதா?

முன்பு வந்த இருவரும் செய்த தவறு இங்கேதான். ஒரு மாற்றம் செய்தார்கள், தட்டினார்கள், திறந்தது, கிளம்பிவிட்டார்கள். ஆனால் அந்த மென்பொருள் ஒன்றுமே செய்யாவிட்டாலும் பத்துக்கு ஆறேழு முறை திறக்கக்கூடியது. அப்படிப்பட்டது ஒருமுறை திறந்ததால் என்ன தெரிந்துவிடும்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று முறைக்கு ஒருமுறை தவறும் மென்பொருள் என்று வைத்துக்கொள்வோம். அதில் எதையும் சரிசெய்யாமலே தொடர்ந்து மூன்று முறை நன்றாகத் திறப்பதற்கு 27க்கு 8 வாய்ப்பு இருக்கிறது. ஏறத்தாழ 30 விழுக்காடு. தொடர்ந்து பத்து முறை தற்செயலாகத் திறப்பதற்கு 2 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆகவே பத்து முறை தொடர்ந்து திறந்த பிறகே 'சரியாகிவிட்டது' என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்லலாம். அரிதாகத் தவறும் மென்பொருளுக்கு இன்னும் அதிக முறை வேண்டும். நாணயத்தைச் சுண்டி ஒருமுறை தலை விழுந்ததும் 'இனித் தலைதான் விழும்' என்று யாரும் பந்தயம் கட்டுவதில்லை.

பத்து நாள் காத்திருக்க வேண்டாம் என்றால் வேறு வழி உண்டு. பழுதை வேண்டுமென்றே வரவழைப்பது. நோட்டைப் படித்த அன்று கணினியை ஐந்து முறை மறுபடி தொடக்கி, ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடத்துக்குள் தட்டினேன். ஐந்து முறையும் திறக்கவில்லை. மென்பொருளைத் தந்தவர்களிடம் ஆச்சி தொலைபேசியில் கேட்டுச் சொன்னபடி, அந்தச் சேவையைத் தாமதமின்றித் தொடங்கும்படி மாற்றினேன். மறுபடி ஐந்து முறை அதே போல் தட்டினேன். ஐந்து முறையும் திறந்தது. மாற்றியது ஒன்றே ஒன்று என்பதால் காரணம் அதுதான் என்று தயக்கமில்லாமல் சொல்ல முடிந்தது. ஒரே நேரத்தில் நான்கு மாற்றங்கள் செய்திருந்தால், எது மருந்து என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

மற்ற காரணங்கள்

எல்லா வீட்டிலும் அதே கதவு தாழிட்டிருக்காது. அமைப்புக் கோப்பு கெட்டுப்போவது அடிக்கடி நடப்பது. மென்பொருள் அதில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்பு அரைகுறையாகவோ வெறுமையாகவோ தங்கிவிடும். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. மென்பொருளை முழுவதும் மூடிவிட்டு, பயனர் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் 'ஆப்டேட்டா'வில் அதன் பெயருள்ள கோப்புறையைக் கண்டு, பெயரை மட்டும் மாற்றுங்கள். அழிக்காதீர்கள். பெரும்பாலான மென்பொருள்கள் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொண்டு திறக்கும். திறந்தால் பழுது பழைய அமைப்பில்தான். திறக்காவிட்டால் பழைய பெயரையே திருப்பி வைத்துவிடலாம். சில மென்பொருள்கள் உங்கள் தரவையும் அங்கேயே வைத்திருக்கும் என்பதால், தொடுவதற்கு முன் அந்தக் கோப்புறையை முழுவதும் பென் டிரைவில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

மென்பொருளோடு பிறகு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் இணைப்புகளும் (ஆட்-இன்) தொல்லை தரும். வேர்டையும் எக்செலையும் கண்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு திறந்தால், அந்த இணைப்புகள் இல்லாத பாதுகாப்பு முறையில் (சேஃப் மோட்) திறக்கட்டுமா என்று கேட்கும். ஃபயர்ஃபாக்ஸுக்கு ஷிஃப்ட் விசை. லிப்ரே ஆஃபீஸில் 2017இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து பாதுகாப்பு முறை உண்டு. அப்படித் திறக்கும்போது ஒவ்வொரு முறையும் நன்றாகத் திறந்தால், இணைப்புகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள்.

இரண்டு கணினி உள்ள கடைகளில், தரவு ஒன்றில் இருக்கும், மற்றது நெட்வொர்க் வழியாக எடுத்துக்கொள்ளும். எதை முதலில் போட்டீர்கள் என்பதே அங்கே பெரிய கேள்வி. தரவு உள்ள கணினி முதலில் எழட்டும்.

வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒன்றைத் தடுத்திருந்தால் அதன் பதிவேட்டில் குறிப்பு இருக்கும், அதைப் படியுங்கள். தடுப்பையே அணைத்துவிட்டு வேலை பார்ப்பது வேண்டாம். அதேபோல் 'அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டு' என்று கொடுத்தால் திறக்கிறது என்பதற்காக அதையே வழக்கமாக்கிவிடாதீர்கள். ஏதோ ஒரு கோப்புறையில் எழுத அனுமதி இல்லை என்பதற்கு அது அறிகுறி. அந்தக் கோப்புறைக்கு அனுமதி கொடுப்பதுதான் முறை. துணைக் கோப்பு ஒன்று இல்லை என்று செய்தி வந்தால், அந்தக் கோப்பை மட்டும் ஏதோ ஓர் இணையதளத்திலிருந்து இறக்கிப் போடவே கூடாது. அதனோடு வேறு என்ன வருகிறது என்று நமக்குத் தெரியாது.

ஒன்றை மட்டும் அவசரமாகச் சொல்ல வேண்டும். ஒரு மென்பொருள் மட்டுமல்லாமல் பலவும் இழுத்து இழுத்துத் திறக்கின்றன, டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 விழுக்காட்டிலேயே நிற்கிறது, கணினிப் பெட்டியிலிருந்து டக் டக் என்று சத்தம் வருகிறது என்றால் பழுது தேடுவதை அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஹார்ட் டிஸ்க் சாகக் கிடக்கலாம். முதலில் கணக்கையும் படங்களையும் வேறு இடத்துக்கு நகல் எடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அணைப்பதும் மறுபடி தொடக்குவதும் ஒன்றா?

ஒன்று இல்லை. 2012இல் வந்த விண்டோஸ் 8லிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி பல கணினிகளில் தானாகவே இயங்குகிறது. 'ஷட் டவுன்' கொடுத்தால் விண்டோஸின் உட்பகுதியும், கருவிகளை இயக்கும் டிரைவர்களும் முழுவதும் மூடப்படுவதில்லை. அவற்றின் நிலை டிஸ்க்கில் எழுதிவைக்கப்பட்டு, அடுத்த நாள் அப்படியே எடுத்து விரிக்கப்படுகிறது. அச்சுப் பொறியின் டிரைவர் நேற்றுக் குழம்பியிருந்தால் இன்றும் அதே குழப்பத்தோடு எழலாம். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால் எல்லாம் முழுவதும் மூடிப் புதிதாகத் தொடங்கும். ஆகவே பழுது தேடும்போது எப்போதும் ரீஸ்டார்ட் கொடுங்கள். அணைத்துப் போட்டேன் என்று சொல்பவரிடம் எப்படி அணைத்தீர்கள் என்று நான் கட்டாயம் கேட்பேன்.

உதவி கேட்கும்போது

இவ்வளவும் பார்த்தும் பிடிபடாவிட்டால் மென்பொருள் தந்தவர்களைக் கூப்பிடத்தான் வேண்டும். 'திறக்கமாட்டேன் என்கிறது' என்று மட்டும் சொன்னால் அவர்களும் நீக்கிவிட்டு நிறுவச் சொல்வார்கள். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "பதினோரு நாளில் நான்கு நாள் திறக்கவில்லை. கணினி போட்டு இரண்டு நிமிடத்துக்குள் தட்டினால் திறப்பதில்லை. டாஸ்க் மேனேஜரில் பெயர் இருக்கிறது, ஜன்னல் வருவதில்லை. ஈவென்ட் வியூவரில் 1000 எண் பதிவு எதுவும் இல்லை. விண்டோஸ் 11, உங்கள் மென்பொருளின் பதிப்பு எண் இது." ஆச்சி இதைத்தான் நோட்டைப் பார்த்துத் தொலைபேசியில் படித்தார். மறுமுனையில் இருந்த பிள்ளை, சேவையின் பெயரைச் சொல்லி, அதை எந்த நிலைக்கு மாற்ற வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டார். பேச்சு ஐந்து நிமிடம்கூட நீடிக்கவில்லை.

அந்த நோட்டு இன்னும் பட்டறை மேசையில் இருக்கிறது. போன வாரம் போனபோது புதிதாக ஒரு பக்கம் தொடங்கியிருந்தார். தலைப்பு: அச்சுப் பொறி.